உள்ளே காலி

மே பிறந்து பன்னிரண்டு நாள்.
ஹோர்தோபாஜ் சமவெளியில்
கோதுமை முகம் திருப்பிக்கொண்ட களர் நிலம்.
உப்புப் பூத்த இடமெல்லாம்
சீமைச்சாமந்தியும் பூத்துக் கிடக்கிறது.

எனக்குத் தராசு வேலை.
தகரக் கொட்டகை, ஆடும் மேசை,
கிலோ விலை எழுதிய பலகை.
மூட்டையை அவிழ்த்ததும்
ஆப்பிள் வாசனை வரவேண்டும்.
வந்தாலும் நம்பமாட்டேன்.
ஒரு பூவெடுத்து
நடுவிலுள்ள மஞ்சள் கூம்பை
நகத்தால் நெடுகப் பிளப்பேன்.
உள்ளே காலியாக இருந்தால் சரக்கு.
சதை நிறைந்திருந்தால் வேறு செடி;
அதே வெள்ளை இதழ், அதே சிரிப்பு,
திருப்பிக் கொண்டுபோ.
நிறைகுடத்துக்கு இங்கே மரியாதை இல்லை.

நேற்று சிலார்ட் கொண்டுவந்த இரண்டு மூட்டையும்
சதைப் பூ.
"விடியலிலிருந்து குனிந்த முதுகு" என்றான்.
விலைப் பலகையில்
முதுகுக்கு வரி இல்லை.
போகும்போது சொன்னதை
எழுதினால் காகிதம் பொத்துவிடும்.

எதெல்கா வந்தால் நகம் தேவையில்லை.
சீப்புப் பல் வைத்த மரப்பெட்டியால்
அவள் வாரிவந்ததில்
காம்புகூட அளவெடுத்து நிற்கும்.
கண்ணில் மோட்டார்சைக்கிள் கண்ணாடி,
வாயில் ஈரத்துணி,
அப்படியும் தும்மல் பத்து, பன்னிரண்டு.
ஆகஸ்டில் ரோட்டோர ராக்வீட்
மகரந்தம் கக்கும்போது
அவள் ஜன்னலைத் திறப்பதில்லை.
அதுவும் இதுவும் ஒரே குலம்.
ஒருமுறை அரைக் கோப்பை குடித்து
உதடு வீங்கி, மூச்சு விசிலடித்து
ஆம்புலன்ஸில் போனவள்.
இருபத்தாறு வருடமாக
ஊருக்கெல்லாம் வாரித் தருகிறாள்,
தான் வாயில் வைக்காததை.

நான் குடிப்பேன்.
வயிறு முறுக்கும் நாளில்,
ஈறு புண்ணானால் கொப்பளிக்க.
தட்டுப் போட்டு மூடி வைக்கவேண்டும்,
மருந்தில் பாதி ஆவியோடு ஓடிப்போகும்.
காய்ச்சி வடித்தால் எண்ணெய் நீலமாக இறங்கும்.
மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்து
எங்கே ஒளித்துவைத்தன அந்த நீலத்தை?
தூக்கம் வருமா என்று கேட்பவர்களுக்கு
"கொஞ்சம்" என்பேன்.
அதற்கு மேல் சொன்னால் வியாபாரம்.

"காஷ்பாருக்குச் சவரம் செய்தால்
ரத்தம் நிற்கமாட்டேன் என்கிறது"
என்றாள் எதெல்கா, மூட்டையை இறக்கியபடி,
மழை பெய்யும்போல என்கிற குரலில்.
முழங்கையில் நாவற்பழ நிறத்தில் திட்டு,
இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லையாம்.
காஷ்பாரின் இதயத்தில் உலோக வால்வு.
தினம் ஒரு வார்ஃபரின்.
"ராத்திரிக்கு என்ன குடிக்கிறார்?"
"வேறென்ன, இதுதான். தூக்கமில்லையே.
நாலு கோப்பை, சில நாள் அஞ்சு."

தராசு முள் ஆடிக்கொண்டிருந்தது.
அந்த மாத்திரையோடு இது சேரக்கூடாது என்றேன்.
இன்றே டாக்டரிடம் போகச் சொன்னேன்,
மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாமென்று.
"பூதானே" என்றாள்.
"பூதான்" என்றேன்.
இரண்டு பேரும் மூட்டையைப் பார்த்தோம்.

பிறகு இடுப்பிலிருந்து
வீட்டுக்கென்று ஒதுக்கிய துணிப்பையை அவிழ்த்து
அதையும் தட்டில் கொட்டினாள்.
முந்நூற்று நாற்பது கிராம்.
காசை எண்ணாமல் வாங்கிக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை வந்தாள், வெறுங்கையோடு.
ரத்தப் பரிசோதனைச் சீட்டை
தராசுத் தட்டில் வைத்து
படி என்றாள்.
ஆறு புள்ளி ஒன்று.
மூன்று போதுமாம் அவருக்கு.
"ஆஸ்பத்திரியில் இருக்கிறார்,
தேநீர் கேட்டுத் திட்டுகிறார்."

முள் அசையவில்லை.
அவளுக்குப் பின்னால்
சிலார்ட் நின்றிருந்தான், புது மூட்டையோடு,
தானே ஒரு பூவைப் பிளந்து
வெளிச்சத்தில் பிடித்தபடி.